மெல்லிய தீயும் பெருநாள் இனிப்பும்

நோன்புப் பெருநாள் நெருங்கும் வேளையில், கல்முனைக் கடற்கரையோரத்து ஊர்களில், வளவின் ஒரு மூலையில் மூன்று கற்களை நாட்டி அடுப்பு மூட்டுவது பழைய வழக்கம். அவ்வடுப்பின்மேல் அகன்ற தாச்சி ஏறும். தாச்சியினுள் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் ஒன்றாய்க் கலந்து கொதிக்கத் தொடங்கும். நீண்ட பிடியுடைய மரத்துடுப்பைப் பற்றி ஒருவர் கிளறுவார். அவர் கை ஓய்ந்ததும் அடுத்தவர் அதனை வாங்கிக்கொள்வார். "கை எடுக்காத மகள், அடிபிடிச்சிரும்" என்று மூத்தம்மாவின் குரல் இடையிடையே எழும். இவ்வாறு மூன்று நான்கு மணித்தியாலம் கழிந்த பின்னரே, தொதல் என்னும் அந்தக் கரிய இனிப்பு தாச்சியின் பக்கங்களை விட்டு விலகித் திரண்டுவரும்.

அதே ஊரில், அடுத்த தெருவிலுள்ள சிறிய வீடொன்றில் இக்காலத்தில் வேறொரு காட்சியைக் காணலாம். சமையலறை மேசையின்மேல் மின்சாரத்தால் இயங்கும் சட்டியொன்று இருக்கிறது. வீட்டுப்பெண் வறுத்த கச்சானையும் மரமுந்திரிகைப் பருப்பையும் அதில் இட்டு, மேலே சொக்லேட் கட்டிகளை உடைத்துப் பரப்பி, மூடியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறாள். ஒன்றரை மணித்தியாலத்திற்குள் கரண்டியால் அள்ளித் தாளின்மேல் சிறு சிறு குவியல்களாக வைக்கிறாள். புகை இல்லை, கைவலி இல்லை, அடிப்பிடித்தலும் பெரும்பாலும் இல்லை.

இவ்விரண்டு காட்சிகளையும் ஒருங்கே காணும் இளம்பெண் ஒருத்திக்கு ஒரு வினா எழுவது இயல்பு. மின்சட்டி இத்துணை எளிதாக ஓர் இனிப்பைத் தருமாயின், தொதலையும் அதிலேயே செய்துவிடலாகாதா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். விடை சமையலறைக்குரியதே எனினும், அதனோடு ஒரு கைத்தொழிலறிவின் வாழ்வும் தாழ்வும் பிணைந்துள்ளன.

முதலில் இவ்வினிப்பு வழங்கும் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. அதன் கரையோரமாக மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் வடக்கிலிருந்து தெற்காக வரிசையில் அமைந்துள்ளன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி வருவது இக்கரையின் தனித்தன்மை. கிழக்கே கடலும் தென்னையும், மேற்கே வயல்வெளியும் உள்ளன. தொதலுக்கு வேண்டிய தேங்காயும் அரிசியும் இவ்வாறு வீட்டுவாசலிலேயே கிடைத்தன. கச்சான், மொனராகலை, அம்பாறை ஆகிய மாவட்டங்களின் சேனைகளில் விளைவது. கஜு என்று பேச்சில் வழங்கும் மரமுந்திரிகை, கிழக்கின் மணற்பாங்கான வறண்ட நிலத்தை விரும்பும் மரம்.

இக்கரையோர முஸ்லிம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமொன்று சமையலறையோடு நெருங்கிய தொடர்புடையது. திருமணமானதும் மணமகன் மணமகளின் வீட்டிற்கு வந்து வாழ்கிறான். வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேர்கிறது. குடி என்னும் பிரிவும் தாய்வழியாகவே கணிக்கப்படுகிறது. அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே 2008இல் வெளிவந்த தம் நூலில் இவ்வழக்கத்தை விரிவாக விளக்கியுள்ளார். இதன் பயனாக இவ்வூர்களில் அடுப்பங்கரை அறிவு பெரும்பாலும் உம்மாவிடமிருந்து மகளுக்கு, அதே வளவில், அதே பாத்திரங்களோடு கைமாறி வந்துள்ளது. தாச்சியின் கொதி எப்போது மாறுகிறது, துடுப்பு எப்போது கனக்கிறது என்பவற்றை எழுதிவைத்தவர் எவருமில்லை. அருகே நின்று பார்த்தே பழகினர்.

அவ்வாறு பழகிய இனிப்புக்களின் பிறப்பிடமோ தொலைவிலுள்ளது. தொதல் என்னும் பெயர், மலாய் மொழியிலும் யாவா மொழியிலும் வழங்கும் டோடோல் என்ற பெயரோடு ஒன்றுபட்டது. மேற்கு யாவாவிலுள்ள காருட் என்னும் நகரம் இன்றும் டோடோலுக்குப் பெயர்பெற்று விளங்குகிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து போர்வீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் இலங்கைக்கு வந்த மலாயரோடு இவ்வினிப்பும் வந்தது என்பது பொதுவான கருத்து. பாக்குநீரிணைக்கு அப்பால், இராமநாதபுர மாவட்டத்துக் கீழக்கரையிலும் இதே பெயரில் இதே இனிப்பு வழங்குகிறது. கோவாவிலும் உண்டு.

பெருநாள் தட்டில் தொதலுக்கு அருகே வைக்கப்படும் மஸ்கத்து, ஓமான் நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கியது. கோதுமைமாவைப் பிசைந்து நீரில் கரைத்துக் கிடைக்கும் பாலைத் தெளியவைத்து, சீனியும் எண்ணெயும் சேர்த்துக் கிளறி, மரமுந்திரிகைப் பருப்புத் தூவி அதனைச் செய்வர். ஓமானிய அல்வாவும் மாப்பொருள், சீனி, நெய், குங்குமப்பூ, ஏலம், பருப்பு ஆகியவற்றைப் பெரிய கொப்பரையில் மணிக்கணக்காகக் கிளறிச் செய்யப்படுவதே. தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் மஸ்கோத்து அல்வா என்னும் பெயரில் தேங்காய்ப்பாலில் கிண்டப்படும் இனிப்பும் இவ்வினத்தைச் சேர்ந்தது. துறைமுகந்தோறும் பெயரும் சேர்க்கையும் சிறிது மாறியபோதிலும், மெல்லிய தீயும் ஓயாத கையும் மாறவில்லை.

தாச்சியினுள் நிகழ்வது யாது? சிறிய அளவில் தொதல் செய்ய விரும்பும் வீட்டிற்கு அரிசிமா 250 கிராம், கருப்பட்டி 750 கிராம், நான்கு தேங்காயின் பால், மரமுந்திரிகைப் பருப்பு 100 கிராம், சிறிது ஏலத்தூள், ஒரு சிட்டிகை உப்பு என்னும் அளவு பொருந்தும். கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து வடித்துக்கொள்ளல் வேண்டும். கல்லும் தும்பும் நீங்கும். மாவைத் தேங்காய்ப்பாலில் கட்டியின்றிக் கரைத்து, கருப்பட்டிக் கரைசலோடு சேர்த்து அடுப்பில் ஏற்றுவர்.

முதற் கட்டத்தில், வெப்பம் ஏறஏற, அரிசியின் மாப்பொருள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகிறது. இந்நேரத்திற் கிளறத் தவறினால் அடியில் கட்டி விழும். இரண்டாங் கட்டம் நீண்டது. கூழிலுள்ள நீர் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுகிறது. தாச்சி அகன்றிருப்பதற்கும் மூடியில்லாதிருப்பதற்கும் காரணம் இதுவே. மூன்றாங் கட்டத்தில் தேங்காய்ப்பாலில் நீரோடு கலந்திருந்த எண்ணெய் பிரிந்து பக்கங்களில் மினுங்கத் தொடங்கும். மிகுதியானதை அகப்பையால் எடுத்துவிடுவர். சீனிச்சத்தும் பாலிலுள்ள புரதமும் வெப்பத்தில் ஒன்றையொன்று தாக்குவதால் நிறம் கறுக்கிறது. வறுத்த பண்டத்தின் மணமும் எழுகிறது. இவ்வேளையில்தான் பருப்பும் ஏலமும் சேர்க்கப்படும். ஈற்றில் முழுத்திரளும் துடுப்போடு சுழன்று, தாச்சியில் ஒட்டாமல் வரும்போது, தட்டில் கொட்டி அழுத்திப் பரப்பி, ஆறிய பின் வெட்டுவர்.

இவற்றுள் ஒன்றையும் கடிகாரம் முற்றாகக் காட்டாது. கருப்பட்டியின் தன்மை, பாலின் தடிப்பு, விறகின் ஈரம் என்பன நாளுக்கு நாள் வேறுபடும். பதத்தை அறிவது துடுப்பைப் பிடித்த கையே.

இனி மற்றைய இனிப்பிற்கு வருவோர், சொக்லேட்டின் வரலாற்றைச் சற்று அறிந்திருத்தல் நலம். கொக்கோ மரம் அமெரிக்கக் கண்டத்திற்குரியது. இலங்கையில் 19ஆம் நூற்றாண்டிலே, கோப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்த பின்னர், மாத்தளை, கண்டிப் பகுதிகளில் அது பரவலாகப் பயிரிடப்பட்டது. ஐரோப்பாவில் நெடுங்காலம் சொக்லேட் ஒரு பானமாகவே இருந்தது. 1847இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரத்து பிறை நிறுவனத்தார் அதனைக் கடித்துண்ணும் கட்டியாக வார்த்தனர். எனினும் அக்காலத்துச் சொக்லேட் நாவில் நறநறவென்றிருந்தது.

அதனை மாற்றியவர் சுவிற்சர்லாந்து நாட்டு றொடோல்ஃப் லின்ற் என்பவர். 1879இல் அவர் அமைத்த பொறியொன்று, இளஞ்சூட்டிலிருந்த சொக்லேட் குழம்பை மணிக்கணக்காக, சிலவேளை நாட்கணக்காக, இடைவிடாது பிசைந்து உருட்டியது. கொக்கோவின் புளிப்பும் கசப்பும் குறைந்தன. துகள்கள் கொழுப்பில் தோய்ந்து வழவழப்பாயின. இன்று கடையில் வாங்கும் நல்ல சொக்லேட் கட்டி ஒவ்வொன்றும் இத்தகைய நீண்ட கிளறலைக் கடந்து வந்ததே.

இரண்டு இனிப்புக்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இவ்விடத்தில் தெளிவாகிறது. சொக்லேட்டிற்கு வேண்டிய கிளறல் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. வீட்டிற்கு எஞ்சியிருப்பது உருக்கலும் உருவமைத்தலும் மட்டுமே. தொதலுக்கோ, கிளறல் முழுவதும் வீட்டில்தான் நிகழவேண்டும்.

ஸ்லோ குக்கர் எனப்படும் மின்சட்டி எதற்காக அமைக்கப்பட்டது என்பதும் இதற்கு ஒத்த சான்று பகரும். சிக்காகோ நகரில் வாழ்ந்த ஏர்விங் நக்சன் என்னும் பொறியியலாளர் அதற்கு 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவிலிருந்து வந்த அவருடைய குடும்பத்தினர், தம் ஊரில் யூதர் ஓய்வுநாளுக்கு முந்திய மாலையில் அவரையும் இறைச்சியும் நிறைந்த பானையை வெதுப்பகத்தாரின் தணிந்த அடுப்பில் வைத்து, மறுநாள் எடுத்துண்ட கதையைக் கூறுவர். அவ்விளஞ்சூட்டை வீட்டு மேசையில் உண்டாக்குவதே அவர் நோக்கம். றைவல் என்னும் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி 1971இல் புதிய பெயரோடு சந்தைக்குக் கொண்டுவந்த பின்னர் அது உலகெங்கும் பரவியது. பிரியாணிப் பானையின் மூடிமேலும் தணல் வைத்துத் தம் போடும் வழக்கத்தை அறிந்தோர்க்கு இக்கருத்து புதியதன்று.

இச்சட்டிக்கு இரண்டு இயல்புகள் உண்டு. தடித்த பீங்கான் உட்கலம் சூட்டை மெல்ல ஏற்று, பக்கமெங்கும் பரப்பி, நெடுநேரம் காக்கும். இறுகிய மூடி ஆவியை வெளியே விடாது. முதலாவது இயல்பு சொக்லேட்டிற்கு நண்பன், இரண்டாவது பகைவன். எனவே முதலாவதைப் பயன்படுத்தி இரண்டாவதைத் தடுப்பதிலேயே இவ்வினிப்பின் செய்முறை அடங்கியுள்ளது.

வேண்டிய பொருள்களாவன: வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 500 கிராம், வறுத்த மரமுந்திரிகைப் பருப்பு 250 கிராம், கறுப்புச் சொக்லேட் 500 கிராம், பாற் சொக்லேட் 250 கிராம். இவ்வளவில், ஒன்று 25 கிராம் நிறையுள்ளதாகச் சுமார் 60 துண்டுகள் கிடைக்கும்.

கச்சானை வறுக்குமுன் கையால் தெரிந்துகொள்ளல் வேண்டும். சுருங்கியவை, கறுத்தவை, பூஞ்சணம் பிடித்தவை ஆகியவற்றை எறிந்துவிட வேண்டும். அத்தகைய பருப்பில் அப்ளாடொக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். வறுத்தலால் அது முற்றாக அழிவதில்லை. நல்லவற்றை மெல்லிய தீயில் வறுத்து, நன்றாக ஆறவிட்டே பயன்படுத்தவேண்டும். சூடான பருப்பை மூடிவைத்தால் வியர்க்கும். அந்த ஈரம் பின்னர் சொக்லேட்டைக் கெடுக்கும்.

சொக்லேட் வாங்கும்போது உறையிலுள்ள எழுத்தை வாசித்தல் நன்று. கொக்கோக் கொழுப்பினாற் செய்தது ஒருவகை. அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்புச் சேர்த்தது மற்றொருவகை. 2024ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் கொக்கோவின் விலை உலகச் சந்தையில் தொன்னொன்றுக்கு 10,000 டொலருக்கு மேல் உயர்ந்தது. விலை உயரும் காலத்தில் இரண்டாம் வகையை நாடுவோர் பெருகுவது இயல்பு. சுவையில் முதலாவது சிறந்தது. வெம்மை மிகுந்த கரையோரத்தில் உருகாது நிற்பதில் பெரும்பாலும் இரண்டாவது சிறந்தது. கொக்கோக் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகுவது. கல்முனையின் நண்பகல் வெயில் அதற்கு வெகு அருகில் வந்துவிடும். மதுச்சாறு கலந்த சொக்லேட்டும் உண்டாகையால், முஸ்லிம் வீடுகள் அதனையும் உறையிற் பார்த்து ஒதுக்கிக்கொள்ளும்.

செய்முறை வருமாறு. சட்டியின் உட்கலத்தை ஒரு துளி நீரும் இல்லாமல் துடைத்துக்கொள்ள வேண்டும். முதலில் கச்சானையும் மரமுந்திரிகைப் பருப்பையும் அடியிற் பரப்பவேண்டும். சொக்லேட்டைச் சிறு துண்டுகளாக உடைத்து மேலே இடவேண்டும். பருப்பு அடியில் இருப்பதால், சொக்லேட் சூடான கலத்தை நேரே தொடாமற் காக்கப்படுகிறது. மூடியின் உட்புறத்தில் மடித்த பருத்தித் துணியொன்றை இழுத்துப் பிடித்தவாறு விரித்து, அதன் ஓரங்களை மூடியின் மேற்புறமாக மடித்துவிட்டு மூடவேண்டும். துணி உள்ளே தொங்கலாகாது; சட்டியின் வெளிப்புறத்தையும் தொடலாகாது. மிகக் குறைந்த சூட்டில் விசையைத் திருப்பவேண்டும்.

நாற்பத்தைந்து நிமிடத்திற்குப் பின் மூடியைத் திறந்து, உலர்ந்த மர அகப்பையால் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பின்னர் பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை அவ்வாறே செய்தல் வேண்டும். சொக்லேட்டின் முக்காற்பங்கு உருகியதும் மின்சாரத்தை நிறுத்திவிடலாம். பீங்கான் கலத்திலுள்ள சூடே மிகுதியை உருக்கிவிடும். சட்டிக்குச் சட்டி வேகம் மாறுபடுமாயினும், ஒன்றேகால் முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் இது முடியும். 200 உவாற்று வலுவுடைய சட்டி ஒன்றரை மணித்தியாலம் இயங்கினால் செலவாவது 0.3 அலகு மின்சாரமே. உருகிய கலவையைக் கரண்டியால் எண்ணெய் புகாத தாளின்மேல் வைத்து ஆறவிட வேண்டும். அறை மிக வெப்பமாயின் குளிர்ப்பெட்டியில் இருபது நிமிடம் வைத்தல் போதும்.

மூடியின் கீழ் துணி எதற்கு என்று நேயர்கள் வினவக்கூடும். சொக்லேட் என்பது கொழுப்பினுள் மிதக்கும் கொக்கோத் துகளும் சீனித் துகளுமே. அதில் நீர் இல்லை எனலாம். மூடியில் படிந்த ஆவி இரண்டொரு துளியாக விழுந்தாலும், சீனித் துகள்கள் அவ்வீரத்தைப் பற்றி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான குழம்பு நொடிப்பொழுதில் மணல்போல் இறுகிவிடும். புதிதாகச் செய்வோரின் சொக்லேட் வீணாவதற்குப் பெருங்காரணம் இதுவே. துணி அவ்வாவியை உறிஞ்சுகிறது. தவறி இறுகிவிட்டால் அதனை மீண்டும் கட்டியாக வார்க்க முயல்வதில் பயனில்லை. சூடான பசுப்பாலையோ தேங்காய்ப்பாலையோ சில கரண்டி தாராளமாகச் சேர்த்துக் கலக்கினால் குழம்பாக இளகும். பாணில் பூசி உண்ணப் பயன்படும்.

ஓரிரு எச்சரிக்கைகளும் வேண்டும். வெளிநாட்டில் தொழில்புரிவோர் கொண்டுவரும் சட்டிகளிற் சில 110 வோற்று மின்னழுத்தத்திற்கு உரியவை; இலங்கையின் 230 வோற்று மின்னோட்டத்தில் அவற்றை நேரே மாட்டினால் பழுதாகும். சூடான பீங்கான் கலத்தில் குளிர்நீர் ஊற்றினால் வெடிக்கும். கச்சான் ஒவ்வாத பிள்ளைகளும் உளர். விருந்தினர்க்குத் தட்டு நீட்டுமுன் கூறிவிடுதல் முறை. மிகச் சிறிய குழந்தைகளுக்கு முழுப் பருப்புத் தொண்டையில் சிக்கும். ஆறிய துண்டின்மேல் சிலநாளில் வெண்ணிறம் படர்ந்தால் அஞ்சவேண்டியதில்லை. பெரும்பாலும் அது மேலெழுந்து உறைந்த கொழுப்பேயன்றிப் பூஞ்சணம் அன்று.

மின்சட்டி இல்லாத வீடும் மனந்தளர வேண்டியதில்லை. சருவச்சட்டியில் நாலு விரற்கடை நீர் ஊற்றிச் சூடாக்கி, ஆவி எழுந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, அதன்மேல் உலர்ந்த கிண்ணமொன்றைப் பொருத்தி, அதில் சொக்லேட்டை இட்டு மெல்லக் கிளறினால் பத்து நிமிடத்தில் உருகும். கிண்ணத்தின் அடி நீரைத் தொடலாகாது. வட்டிலப்பம் அவிக்கும் வீட்டிற்கு இம்முறையைக் கற்பிக்க வேண்டியதில்லை. நீர் தளதளவெனக் கொதித்தால் முட்டை திரைந்து துவாரம் விழும் என்பதை அறிந்தே அவர்கள் தீயைத் தணித்து அவிக்கின்றனர். நீரை இடையில் வைத்து நெருப்பை அடக்கும் அதே அறிவுதான் இங்கும் உதவுகிறது.

இப்போது முதலில் எழுந்த வினாவிற்குத் திரும்பலாம். தொதலின் கலவையை மின்சட்டியில் ஊற்றி மூடி வைத்தால் நிகழ்வது யாது? மாவு வேகும், கருப்பட்டி கரையும், மணமும் எழும். ஆயின் நீர் வெளியேறாது. ஆறு மணித்தியாலம் சென்றாலும் கிடைப்பது இனிப்புக் கூழேயன்றித் தொதல் அன்று. மூடியைத் திறந்து வைத்தாலோ, குறுகிய வாயும் தணிந்த சூடும் நீரைப் போதிய விரைவில் போக்கமாட்டா; கிளறாத கலவை பக்கங்களில் காய்ந்து ஒட்டும். சட்டியின்மீது குற்றமில்லை. உருக்குவதற்கு அமைந்த கருவியிடம் வற்றவைக்கும் வேலையை ஒப்படைத்ததே குற்றம்.

இதனை அறியாமல் ஒருமுறை முயன்று தோற்ற பெண், தொதல் செய்வது தன்னால் ஆகாதென்று முடிவுசெய்து, அடுத்த பெருநாளுக்குக் கடையில் வாங்கத் தொடங்குவாள். அவளுடைய மகள் கடைத்தொதலை மட்டுமே அறிவாள். எழுத்திலில்லாத அறிவு மறைவதற்கு இரண்டு தலைமுறை போதும்.

இக்கரையில் அவ்வறிவிற்கு வேறு இடையூறுகளும் நேர்ந்துள்ளன. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கடலருகே இருந்த வீடுகளும் வளவுகளும் தென்னைகளும் அழிந்தன. மூத்தம்மாவையும் உம்மாவையும் ஒரே காலையில் இழந்த பிள்ளைகள் உண்டு. எஞ்சியோருட் பலர் பின்னர் புதிய குடியிருப்புக்களுக்கும் மாடி வீடுகளுக்கும் சென்றனர். அங்கே மூன்று கல் நாட்டி விறகடுப்பு மூட்டுவதற்கு இடமில்லை. அத்தகைய வீட்டிற்கு, புகையின்றி ஒரு மூலையிற் செய்யக்கூடிய கச்சான் சொக்லேட் பெரிய உதவியே. விருந்தினர் முன் வைப்பதற்குத் தன் கையால் செய்த பண்டம் ஒன்று உண்டு என்னும் நிறைவை அது தருகிறது. அதனை இகழ்வது முறையன்று.

ஆயினும் மின்சாரத்தை மட்டும் நம்பிய அடுப்பங்கரையின் நிலை 2022ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. சமையல் எரிவாயுச் சிலிண்டருக்காக மக்கள் வரிசையில் நின்றனர். ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில் நோன்பு வந்தது. அவ்வாண்டு நாடெங்கும் எத்தனையோ வீடுகள் மீண்டும் விறகிற்குத் திரும்பின. விறகுத் தீயை ஆளத் தெரிந்த மூத்தவர்கள் இருந்த வீடுகள் அத்துணை தடுமாறவில்லை. பழைய அறிவு பெருமைக்காகப் போற்றப்படுவதிலும், தேவைக்கு உதவுவதே அதற்குச் சிறப்பு.

ஆதலின் செய்யத்தக்கது யாது? தொதலைச் சிறிதாக்கலாம். மேலே கூறிய 250 கிராம் மாவின் அளவை வீட்டு எரிவாயு அடுப்பிலேயே, அடி தடித்த அகன்ற தாச்சியில், இரண்டு பேர் மாறிமாறிக் கிளறி முடிக்கலாம். அளவு குறைந்தால் நேரமும் குறையும். எண்ணெய் பிரியும் கட்டம் முதல் தாச்சியை விட்டுத் திரளும் கட்டம் வரை, துடுப்பை மகளின் கையிற் கொடுத்து, தாய் அருகே நிற்கவேண்டும். பதத்தை வாயாற் சொல்வதைவிட, துடுப்பு கனக்கும்போது அவள் கையே அறிந்துகொள்வது நிலைக்கும். ஆண்மக்களையும் இவ்வேலைக்கு அழைக்கலாம். யாவாவிலும் மலாயாவிலும் பெருங்கொப்பரை டோடோல் கிளறுவதில் ஆண்களின் தோள்வலி பெரிதும் பயன்படுகிறது.

அந்த நேரத்தில் மின்சட்டி சும்மா இருக்கவேண்டியதில்லை. தாச்சி அடுப்பில் ஏறுமுன் கச்சானையும் சொக்லேட்டையும் அதிலிட்டுத் துணியோடு மூடிவிடலாம். ஒருவர் இடையிடையே எழுந்து சென்று புரட்டிவிட்டு வருவது போதும். மற்றைய கைகளெல்லாம் துடுப்பிற்கு விடுதலையாகின்றன. கருவி மனிதரின் நேரத்தை மிச்சப்படுத்துமாயின், அந்த நேரத்தைக் கையால் மட்டுமே ஆகும் வேலைக்குக் கொடுப்பதே அதனைப் பயன்படுத்தும் நல்ல முறை.

பெருநாட் காலையில் தட்டுக்கள் வீடுவிட்டு வீடு செல்லும். மருதமுனையிலிருந்து பாண்டிருப்பிற்கும், சாய்ந்தமருதிலிருந்து காரைதீவிற்கும் நண்பரையும் அயலவரையும் நாடி அவை செல்வதுண்டு. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கிருந்து தட்டுக்கள் திரும்பி வருவதுமுண்டு. இடையே கசப்பான ஆண்டுகள் பல இக்கரையைக் கடந்து சென்றுள்ளன. ஆயினும் கையால் செய்த பண்டத்தைத் தட்டிலிட்டுத் துணியால் மூடி அடுத்த வீட்டுப் படியேறும் வழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை. அத்தட்டின் ஒருபுறம் பிள்ளைகள் விரும்பும் கச்சான் சொக்லேட் இருக்கட்டும். மறுபுறம் இரண்டு துண்டுத் தொதலும் இருக்கட்டும். தட்டைப் பெறும் வீட்டு மூத்தவர், தொதலை எடுத்துச் சுவைத்து, "இது யார் கிளறியது?" என்று கேட்கும்போது, அவ்வீட்டு மகளின் பெயரைச் சொல்லக்கூடியதாக இருத்தல் வேண்டும்.